பாக்கு மட்டைத் தட்டு: இயந்திரம் வாங்கும் முன்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கப், பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை விதித்தபின், நம் மளிகைக் கடைகளில் பாக்கு மட்டைத் தட்டுக்கு நிலையான இடம் கிடைத்துவிட்டது. இலை, பூ, பட்டையாலான தட்டுகளுக்கு இருந்த 5 சதவீத வரியையும் அதே ஆண்டு செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் நீக்கியது. விற்கிற நாமே தயாரித்தால் என்ன என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கின்றனர்.

செய்முறை எளிது. மரத்திலிருந்து தானாக விழும் மட்டையைப் பொறுக்கி, வெயிலில் உலர்த்தி வைக்க வேண்டும். தேவைப்படும்போது தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, நீர் வடிந்ததும் சூடேற்றிய அச்சில் அழுத்தினால் தட்டு தயார். பசை கிடையாது. மிச்சத் துண்டில் சிறு கிண்ணம் அடிக்கலாம்.

ஆனால் முதலை விழுங்குவது மட்டை. வாழப்பாடி, ஆத்தூர் தோப்புகளிலும், கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கத்திலும் நல்ல மட்டை சேர்வது வெயில் மாதங்களில்தான். மழையில் நனைந்தால் கறுத்துப் பூசணம் பிடித்துவிடும். ஆகவே ஆவணி, ஐப்பசி முகூர்த்தங்களுக்கான மட்டையைக் கோடையிலேயே ரொக்கம் கொடுத்து எடுத்து, ஈரம் ஏறாத குடோனில் அடுக்க வேண்டும். மிளகாய் வத்தலைப் பருவத்தில் வாங்கி இருப்பு வைக்கும் நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஆனால் சமையல் காண்டிராக்டர்கள் பணம் தருவது விசேஷம் முடிந்த பிறகு!

ஒரு மழைக்காலத்தில் நம் கடையில் விற்ற கட்டில் நடுத் தட்டுகளெல்லாம் கரும்புள்ளி. வளைகாப்பு அன்று காலையில் திரும்பி வந்தது. பணத்தைக் கொடுத்தோம், அந்த வீட்டு மளிகைச் சீட்டு வேறு கடைக்குப் போய்விட்டது.

'தட்டு முழுவதையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்று சொல்லி இயந்திரம் விற்பவர்களிடம் விலையையும், கழிவு யார் கணக்கு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 'தரம் இல்லை' என்ற ஒரே சொல்லில் மொத்தச் சரக்கையும் தள்ளிவிடலாம்.

ஏற்றுமதியை நம்பியும் இறங்க வேண்டாம். பாக்கிலுள்ள ஆல்கலாய்டுகள் உணவில் கலக்கக்கூடும் என்று கூறி, இத்தட்டுகள் உணவுக்கு ஏற்றவையல்ல என 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. வாடிக்கையாளர் கேட்டால் இதை மறைக்காமல் சொல்வோம்.

துணிந்து இறங்குபவர்கள் முதல் ஆண்டு மட்டையை மட்டும் வாங்கி, இயந்திரம் வைத்திருப்பவரிடம் கூலிக்கு அடித்துப் பார்க்கலாம். ஒரு மழைக்காலம் தாண்டி எத்தனை மட்டை தேறுகிறது என்று எண்ணிய பிறகு இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கலாம்.