கொச்சிக் காயல்: விற்கும் படமும் சாட்சி சொல்லும் படமும்

எர்ணாகுளம்: கேரளச் சுற்றுலா என்றதும் கண்முன் வரும் புகைப்படம் ஒன்று உண்டு. மேற்கே சரியும் சூரியன், அதன் குறுக்கே கரிய கோடுகளாகச் சீனவலையின் கழிகள், கீழே தகடு விரித்தாற்போன்ற நீர்ப்பரப்பு. நாட்காட்டிகளிலும் பயண நிறுவனங்களின் கையேடுகளிலும் பல்லாண்டுகளாக இடம்பெற்று வரும் இப்படம் எடுக்கப்படுவது, மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சிக் கரையில், வேம்பநாட்டுக் காயல் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில்.

சூரியனை நோக்கிக் கேமராவைத் திருப்பினால் முன்னால் உள்ளவை யாவும் நிழலுருவாகிவிடும் என்பது புகைப்படக் கலையின் பாலபாடம். வலையில் சிக்கிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பைகளும் அதனால் படத்தில் தெரிவதில்லை. கயிற்றை இழுக்கும் ஐந்தாறு பேரின் முகங்களும் தெரிவதில்லை. மீன்வரத்து குறைந்துபோனதால், பயணிகளை வலை மேடையில் ஏற்றி, கயிற்றைப் பிடிக்கச் செய்து, படமெடுக்க விட்டு, அவர்கள் தரும் காசையும் அன்றைய வருமானத்தில் சேர்த்துக்கொள்ளும் நிலைக்கு வலைக்காரர்கள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மீன்பிடிக் கருவி படப்பிடிப்புப் பொருளாக மாறிவிட்டது.

"கடவுளின் சொந்த நாடு" என்ற விளம்பர வாசகத்தைக் கேரள சுற்றுலாத் துறை 1989-ல் கைக்கொண்டது. அதன் பின்னர் காயலின் படம் மாநிலத்தின் முகவரியாகவே ஆயிற்று. ஒரு நீர்நிலையின் அழகு அரசுக்கு வருவாயாகவும், நில வணிகருக்கு மூலதனமாகவும் மாறும்போது, அந்த நீர்நிலைக்கு என்ன நேர்கிறது என்பதைக் காட்டும் படங்கள் யாரிடம் உள்ளன என்ற கேள்வி எழுவது இயல்பு. கொச்சியில் அக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது.

ஒரே நாளில் பட்டியலில் ஏறியவை

2002 ஆகஸ்ட் 19 அன்று இந்தியாவின் பல நீர்நிலைகள் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஒருசேர இடம்பெற்றன. வேம்பநாடு-கோள் நிலம் அவற்றில் ஒன்று. தமிழகத்தின் கோடியக்கரையும், லடாக்கில் 4,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள சோமோரிரி ஏரியும் அதே நாளில் சேர்க்கப்பட்டவையே. பனிமலை ஏரியும் கடலோரக் காயலும் ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் எனினும், அவை சந்தித்துவரும் நெருக்கடியில் ஓர் ஒற்றுமை தென்படுகிறது.

லடாக்கின் பாங்காங் ஏரியை எடுத்துக்கொள்ளலாம். 2009-ல் வெளிவந்த "த்ரீ இடியட்ஸ்" இந்தித் திரைப்படத்தின் இறுதிக் காட்சி அங்கே படமாக்கப்பட்டது. அதுவரை ராணுவத்தினரும் மலையேறுவோரும் மட்டுமே பெரிதும் அறிந்திருந்த நீலநீர்க் கரைக்கு, அதே கோணத்தில் தங்களையும் படமெடுத்துக்கொள்ள மக்கள் திரண்டனர். கூடாரங்களும் உணவகங்களும் முளைத்தன. கழிவுகளை மக்கச் செய்யும் வெப்பம்கூட இல்லாத குளிர் பாலைவனத்தில் இவ்வளவு கூட்டம் எதை விட்டுச் செல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கொச்சிக்கு அருகிலுள்ள கும்பளங்கியிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்தது. 2019-ல் "கும்பளங்கி நைட்ஸ்" மலையாளப் படம் வெளியானதும், அதில் வரும் "கவரு" என்ற இரவொளியைக் காண இளைஞர்கள் கேமராவுடன் வரத் தொடங்கினர். கோடையில் காயல்நீரின் உப்பு மிகும்போது பெருகும் நுண்ணுயிர்கள், நீர் கலங்கும்போது நீலநிறத்தில் ஒளிர்வதே கவரு. கரையோர மக்களுக்குத் தலைமுறைகளாகப் பழகிய காட்சி. ஒளிரும் நுண்ணுயிர்களில் சிலவகை, கழிவுகளால் சத்து மிகுந்த நீரில் அளவுகடந்து பெருகும் என்று கடல்சார் ஆய்வாளர்கள் வேறிடங்களில் சுட்டிக்காட்டியுள்ளனர். ஆகவே மிக அழகிய படம் என்பது ஆரோக்கியமான நீரின் படமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பகலில் அதே கரையில் எடுக்கப்படும் படங்கள் வேறு: ஓத நீர் முற்றத்தில் ஏறி, உப்பு அரித்த சுவர்களுடன் நிற்கும் வீடுகள். அவற்றைக் காணக் கூட்டம் வருவதில்லை.

மலை ஏரியும் அடிவாரமும்

வேம்பநாட்டுக் காயல் தனித்த நீர்நிலை அன்று. பெரியாறு, மூவாற்றுப்புழை, மீனச்சில், மணிமலை, பம்பை, அச்சன்கோவில் ஆகிய ஆறு நதிகளின் நீர் இதில் சேர்கிறது. இவற்றுள் பெரியாற்றை அறியாத தமிழர் இரார். அந்த நதியின் மேல்பகுதியில், 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையால் உருவான தேக்கடி ஏரி, தென்னிந்தியாவில் மிக அதிகம் படமெடுக்கப்பட்ட மலை ஏரிகளில் ஒன்று. நீரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் பட்டமரங்களே அதன் அடையாளம். அவை அணைநீரில் மூழ்கிய காட்டின் எச்சம். நூற்றாண்டைத் தாண்டியும் கரையாமல் நிற்கும் அம்மரங்களின் மீது நீர்க்காகம் சிறகு விரித்திருக்கும் காட்சியை எடுக்காத பயணி குறைவு.

2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். கரையில் நின்ற விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதில் படகு சாய்ந்தது என்று அப்போது கூறப்பட்டது. ஒரு பக்கம் ஆட்கள் நகர்ந்தாலே கவிழக்கூடிய படகை ஓடவிட்டது யார் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வியாக இருந்தது.

மலையில் தேங்கும் நீர் காயலில் வந்துதான் சேரும் என்பதை 2018 ஆகஸ்ட் மாதம் உலகமே கண்டது. இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணையில் 26 ஆண்டுகளுக்குப் பிறகு மதகுகள் உயர்த்தப்பட்டன. ஆலுவா மூழ்கியது. கொச்சி விமான நிலையம் இரு வாரங்கள் மூடப்பட்டது. மாநிலம் முழுவதும் 480-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்நாட்களில் எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான படங்களுள் காயலின் நிலையைத் தெளிவாக உணர்த்தியவை இரண்டு. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வெளியிட்ட அவற்றுள் ஒன்று பிப்ரவரி 6 அன்று லாண்ட்சாட் 8 செயற்கைக்கோளும், மற்றொன்று ஆகஸ்ட் 22 அன்று ஐரோப்பாவின் சென்டினல் 2 செயற்கைக்கோளும் எடுத்தவை. முதற்படத்தில் பச்சை வயல்களுக்கு நடுவே காயல் ஒரு நீலப் பட்டை. இரண்டாம் படத்தில் குட்டநாடும் ஆற்றோரங்களும் சேர்ந்து எங்கும் நீலம்.

காயல் தன் பழைய எல்லையைத் தேடிச் சென்றது என்று அதைப் படித்தவர்கள் உண்டு. அப்படிச் சொல்வதற்கு ஆதாரமும் இருக்கிறது. காயல்கரையில் பனங்காட்டில் அமைந்துள்ள கேரள மீன்வள, கடலாய்வுப் பல்கலைக்கழகம் மேற்கொண்ட ஆய்வின்படி, 1900-க்கும் 2020-க்கும் இடையில் காயலின் நீர்க்கொள்ளளவு சுமார் 85 விழுக்காடு குறைந்துவிட்டது. நெல்வயலுக்காகக் காயல் தூர்க்கப்பட்டது. துறைமுகத்திற்காக 1920-களிலும் 30-களிலும் ராபர்ட் பிரிஸ்டோ ஆழப்படுத்தியபோது வெளியே அள்ளிய மண்ணைக் கொண்டு வில்லிங்டன் தீவே உருவாக்கப்பட்டது. குட்டநாட்டு வயல்களில் உப்புநீர் ஏறாமல் தடுக்க 1970-களில் எழுந்த தண்ணீர்முக்கம் தடுப்பணை, நீரின் இயல்பான ஓட்டத்தைக் குறைத்து வண்டல் படியச் செய்தது. மட்டாஞ்சேரிப் படகுத்துறை 2018-க்குப் பின் வண்டலால் நெடுநாள் முடங்கிக் கிடந்தது; 2025 அக்டோபரில் அங்கு வாட்டர் மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது. இவை எவையும் அந்திச் சூரியன் படத்தில் இல்லை.

பழைய படம், புதிய படம்

ஒரே இடத்தில் நின்று, நெடுங்கால இடைவெளியில் இருமுறை படமெடுப்பது இமயமலை ஆய்வில் நன்கு பயன்பட்ட முறை. 1921-ல் எவரெஸ்டின் வடக்கே ரோங்புக் பனியாற்றை ஜார்ஜ் மல்லோரி எடுத்த இடத்திலேயே 2007-ல் டேவிட் பிரஷியர்ஸ் நின்று எடுத்த படம், பனி எவ்வளவு இறங்கிவிட்டது என்பதை எந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டிலும் விரைவாக உணர்த்தியது. பனி உருகினால் பனியேரிகள் பெருக்கும். சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடையக்கூடும் என்று செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் 2013-லேயே விஞ்ஞானிகள் எச்சரித்திருந்தனர். பத்தாண்டு கழித்து, 2023 அக்டோபர் 3 நள்ளிரவையொட்டி அது உடைந்தது. செப்டம்பர் 28 அன்று சுமார் 167 ஹெக்டேராக இருந்த ஏரி, அக்டோபர் 4 காலையில் சுமார் 60 ஹெக்டேராகச் சுருங்கியிருந்ததை இஸ்ரோவின் படங்கள் காட்டின. கீழே சுங்தாங்கில் தீஸ்தா-3 நீர்மின் திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. படம் இருந்தது, அதைப் படித்தவர்களும் இருந்தனர், முடிவெடுக்க வேண்டியவர்கள்தான் அசையவில்லை.

கொச்சியில் மண்மீது நின்று இப்பணியைச் செய்யும் கலைஞர்கள் இல்லாமல் இல்லை. கொடுங்ஙல்லூரைச் சேர்ந்த கே.ஆர்.சுனில், மறைந்துவரும் பொன்னானித் துறைமுக வாழ்வைப் பதிவு செய்த படங்கள் 2016-ம் ஆண்டின் கொச்சி-முசிறி பன்னாட்டுக் கலைவிழாவில் இடம்பெற்றன. செல்லானத்தில் கடல் இடித்த வீடுகளையும் அவற்றின் உரிமையாளர்களையும் அவர் படமாக்கியுள்ளார். மட்டாஞ்சேரியின் பழைய மசாலாக் கிடங்குகள் 2012 முதல் இவ்விழாவின் காட்சிக்கூடங்களாக மாறியதால், இத்தகைய படங்களுக்கு ஓர் இடம் கிடைத்துள்ளது. ஆயினும் கலைக்கூடச் சுவரில் தொங்கும் படம் வருவாய்க் கோட்டாட்சியரின் மேசைக்குச் செல்வதில்லை.

அம்மேசைக்குச் செல்லும் படங்கள் வேறு. மரடு நகராட்சியில் காயலோரம் விதிமீறி எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2019 மே 8 அன்று ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைத் தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டின. பாலங்களிலும் மாடிகளிலும் மக்கள் கைபேசியுடன் குவிந்தனர். இடிந்தவற்றில் ஒன்றின் பெயர் "கோல்டன் காயலோரம்". சன்னலில் தெரியும் காட்சியே அங்கு விற்கப்பட்ட சரக்கு என்பதற்கு வேறு சான்று வேண்டா. கட்டடம் விழுந்த சில நொடிகளுக்கு இருந்த கேமராக்களில் நூற்றில் ஒரு பங்கு, அஸ்திவாரம் தோண்டப்பட்ட நாட்களில் அங்கே இருந்திருந்தால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்து நின்றிருக்கத் தேவையில்லை. அனுமதி தந்த அலுவலர்களின் படங்கள் அன்றைய நேரலையில் இடம்பெறவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆலப்புழை மாவட்டத்தில் காயல் நடுவே நெடியதுருத்துத் தீவில் 54 மாளிகைகளுடன் கட்டப்பட்ட ஆடம்பர விடுதிக்கும் இதே கதி நேர்ந்தது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் ஊன்றுவலை போட்டுப் பிழைத்த மீனவர்கள் இருந்தனர். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. பணி தொடங்கியது 2022 செப்டம்பரில்தான்.

இப்போது கேரளத்தின் வருவாய் அலுவலகங்களில் நிலக்காட்சிப் படம் ஒன்று அன்றாடம் விவாதப் பொருளாகியுள்ளது. நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008 ஆகஸ்ட் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றைய தேதியில் ஒரு நிலம் வயலாக இருந்ததா, கரையாக இருந்ததா என்பதே வழக்கு. தம் நிலத்தைத் தரவுப் பட்டியலிலிருந்து நீக்கக் கோருவோர் படிவம் 5-ல் விண்ணப்பிக்கின்றனர். கோட்டாட்சியர் ஒன்று நேரில் சென்று பார்க்க வேண்டும், அல்லது மாநிலத் தொலையுணர்வு, சுற்றுச்சூழல் மையத்தின் செயற்கைக்கோள் படங்களைக் கேட்டுப் பெற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் வலியுறுத்தியுள்ளது. கட்டணம் செலுத்தி அப்படத்தைப் பெறுபவர் நில உரிமையாளர். வயலைச் சுற்றி மீன்பிடித்து வாழ்பவருக்கு அந்தக் கோப்பில் இடமில்லை.

எர்ணாகுளத்தைச் சுற்றியுள்ள பொக்காளி வயல்களைப் பொறுத்தவரை படத்தைப் படிப்பதிலும் சிக்கல் உண்டு. மழைக்காலத்தில் உயர்ந்து வளரும் உப்புத்தாங்கி நெல், அறுவடைக்குப் பின் அதே வயலில் காயல்நீரைப் பாய்ச்சி இறால் வளர்ப்பு. ஆகஸ்டில் எடுத்த படத்தில் அது பச்சை வயல். பிப்ரவரியில் எடுத்த படத்தில் அது வெறும் நீர். இரண்டு படங்களும் உண்மையே. ஒன்றை மட்டும் கோப்பில் வைத்து இது வயலே அன்று என்று வாதிடுவது எளிது. அருகில் மண் கொட்டி மேடாக்கப்பட்டு, பின்னர் தென்னை நட்ட நிலமோ, எல்லாப் பருவங்களிலும் படத்தில் பச்சையாகவே தெரியும்.