தவளைப் பாதம் கற்பித்த பாடம்!

மழை பெய்து ஓய்ந்த இரவில் ஜவ்வாது மலையின் ஓடைக்கரைகளில் ஒரே கச்சேரிதான். பாடகர்கள் தவளைகள்! அவற்றில் ஒரு சாதி தரையில் தங்குவதில்லை. இலையிலும் கிளையிலும், சில சமயம் வீட்டுச் சுவரிலும் குந்தியிருக்கும். அதுதான் மரத்தவளை. வழவழப்பான ஈர இலையிலும் அது வழுக்கி விழுவதில்லை. வேண்டாமென்றால், அடுத்த கணமே காலை எடுத்துத் தாவி விடும்!

கெட்டியாக ஒட்ட வேண்டும். நொடியில் விடவும் வேண்டும். மறுபடியும் ஒட்ட வேண்டும். மனிதன் செய்த பசையில் இந்த மூன்று குணங்களும் ஒருசேர அமைவது அபூர்வம். கடையில் வாங்கிய டேப்பை இரண்டு முறை பிரித்து ஒட்டினால், பிறகு அது குப்பைக் கூடைக்குத்தான். புண்ணுக்குப் போட்ட பிளாஸ்திரியை உரிக்கும்போது குழந்தை வீறிட்டு அழுகிறது. வயோதிகர்களுக்கோ, மெல்லிய தோலும் கூடவே உரிந்து வருவதுண்டு.

இதற்குப் பரிகாரம் உண்டா?

தோலுக்கு அடியில் என்ன?

இயற்கையைக் கேட்டார்கள் விஞ்ஞானிகள். டோக்கே என்னும் பெரிய பல்லியின் ஒவ்வொரு பாதத்திலும் ஏறக்குறைய 5 லட்சம் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. அந்த மயிர்கள் சுவரை நெருங்கித் தொடுவதால் எழும் கவர்ச்சிதான் பல்லியைத் தாங்குகிறது. அமெரிக்க நிபுணர் கெல்லர் ஆட்டமும் அவரது குழுவினரும் 2000-லும் 2002-லும் இதை விளக்கினார்கள்.

பாதத்தின் மேற்புறத்தையே பலரும் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, நம் நாட்டில் மூவர் வேறு கேள்வி கேட்டார்கள். "மேலே இருப்பது சரி, தோலுக்கு அடியில் இருக்கும் நுண்குழாய்களுக்கு வேலை ஒன்றும் இல்லையா?" என்பதே அது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அபிஜித் மஜும்தார், அனிமங்சு கட்டக், ஆசுதோஷ் சர்மா ஆகியோரே அந்த மூவர்.

ரப்பர் போன்ற மெல்லிய ஏட்டுக்குள் நுண்ணிய குழாய்களை அமைத்தார்கள். சிலவற்றில் காற்று, சிலவற்றில் எண்ணெய். பிறகு உரித்துப் பார்த்தார்கள். ஒட்டும் பலம் ஏறக்குறைய 30 மடங்கு கூடியிருந்தது! 2007-ல் 'சயன்ஸ்' என்னும் அமெரிக்க சஞ்சிகை இந்த ஆராய்ச்சியை வெளியிட்டது.

விந்தை நடப்பது எப்படி?

டேப்பை உரிக்கும்போது ஓரத்தில் ஒரு பிளவு தோன்றுகிறது. அது உள்ளே ஓட ஓட, டேப் கழன்று வருகிறது. கான்பூர் ஏட்டிலோ, குழாய் இருக்கும் இடம் வந்ததும் பிளவு நின்று விடுகிறது. கிழியும் துணி தையலில் வந்து நிற்பது போல! அதை மறுபடி ஓடச் செய்ய அதிக பலம் தேவை. குழாயில் அடைபட்ட எண்ணெயின் இழுவிசையும் இதற்குத் துணை செய்கிறது.

ஒடிந்தது ஒட்டும்!

உயிருள்ளவற்றுக்கு இன்னொரு வரப்பிரசாதமும் உண்டு. கீறல் ஆறும்; முறிந்த எலும்பு கூடும். கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மல்லா ரெட்டி குழுவினரும், கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தாரும் 2021-ல் ஒரு படிகத்தைப் பற்றி அறிவித்தார்கள். அது ஒடிந்தால் முறிந்த முகங்களில் எதிரெதிர் மின்னேற்றம் உண்டாகி, துண்டுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். கண் இமைக்கும் நேரத்துக்குள் அவை தாமாகவே சேர்ந்து விடும். பசையும் வேண்டாம், சூடும் வேண்டாம்!

ஆராய்ச்சிக்கூடத்தில் வென்றதெல்லாம் உடனே கடைக்கு வந்து விடாது. மலிவாகவும் ஏராளமாகவும் செய்ய வழி காண வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும். பாடம் சொல்லும் ஆசான் உயிரோடிருக்க வேண்டும்! ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போன ஜவ்வாது மலையில், திருட்டுக் கோடாரிக்குப் பலியான மரங்கள் கொஞ்சமல்ல. காடு போனால் ஓடை வற்றும். ஓடை வற்றினால் தவளையின் குரலும் அடங்கும். படித்து முடிக்காத புத்தகத்தை அடுப்பில் போடுவார் உண்டோ?