கோயில் குன்றின் புகைவண்டி

கரி எஞ்சினைக் கண்ணாரக் கண்ட தலைமுறை நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. சாளரத்தோரம் அமர அடம்பிடித்ததும், கண்ணில் கரித்தூள் விழுந்து அழுததும், அன்னை தன் முந்தானை நுனியைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றிக் கண்ணில் ஒற்றியதும் அவர்கள் மறவாத நினைவுகள். பேரப் பிள்ளைகளுக்கோ அது வெறும் கதை. சித்தரஞ்சன் ஆலை தன் கடைசி நீராவி எஞ்சினை 1972-இல் கட்டி முடித்தது. அகல இருப்புப் பாதையில் அவற்றின் அன்றாட ஓட்டம் 1995-இல் முடிவுற்றது. அதன் பின்னர் அவை பழைய இரும்பாக எடை போட்டு விற்கப்பட்டன. சில மட்டும் வண்ணம் பூசப்பெற்று நிலையங்களின் வாயிலில் காட்சிப் பொருளாய் நிற்கின்றன.

எஞ்சின் மறைவது ஒருபுறமிருக்க, அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கை மறைவதே பெரிய இழப்பு என்று நமக்குத் தோன்றுகிறது. எஞ்சினை அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம்; கைப்பழக்கத்தை அவ்வாறு வைக்க இயலாது. இவ்விரண்டையும் ஒருங்கே காக்க முயன்றவர்களின் வரலாறு ஒன்றை இம்மாதம் நம் வாசகக் குடும்பங்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

பிரித்தானியத் தீவின் மேற்கே, வேல்ஸ் நாட்டின் கடலோரத்தில் டவின் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்து மலைப்பள்ளத்தாக்கு வழியாக ஏறத்தாழ ஏழே கால் மைல் நீளத்திற்கு ஓர் இருப்புப் பாதை செல்கிறது. அதன் பெயர் தாலிலின் இரயில்வே. மலைமேல் இருந்த சுரங்கத்திலிருந்து கூரை வேயும் சிலேட்டுக் கற்களைக் கீழே கொண்டுவருவதற்காக 1865-இல் அது அமைக்கப்பட்டது. அச்சுரங்கத்தின் பெயர் பிரின் எக்லுவிஸ். வேல்ஸ் மொழியில் ‘பிரின்’ என்றால் குன்று, ‘எக்லுவிஸ்’ என்றால் கோயில். இலத்தீன் மொழியில் திருச்சபையைக் குறிக்கும் ‘எக்கிளேசியா’ என்ற சொல்லே அந்நாட்டு மலைவாழ் மக்களின் நாவில் தேய்ந்து இவ்வாறாயிற்று. ஆக, நாம் சொல்லப் போவது கோயில் குன்றுப் புகைவண்டியின் கதை.

தண்டவாளங்களுக்கிடையே உள்ள அகலம் இருபத்தேழு அங்குலமே. நம் நாட்டு அகலப் பாதையின் அகலம் அறுபத்தாறு அங்குலம் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த வண்டியின் உருவம் மனக்கண்ணில் தெரியும். எஞ்சின்கள் மொத்தம் இரண்டு. 1864-இல் கட்டப்பட்டது தாலிலின். 1866-இல் கட்டப்பட்டது டொல்கோக். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்விரண்டுமே அப்பாதையின் பாரத்தைச் சுமந்தன.

1911-இல் அப்பாதையை விலைக்கு வாங்கியவர் சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர். 1946-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் சுரங்கம் இடிந்து விழுந்து மூடப்பட்டது. சுமக்கக் கல் இல்லை, வருமானமும் இல்லை. எனினும் தாம் உயிரோடிருக்கும்வரை பயணிகள் வண்டி ஓடும் என்று அவர் வாக்களித்திருந்தார்; அதைக் காப்பாற்றவும் செய்தார். 1950 ஜூலையில் அவர் மறைந்தபோது, வண்டியும் அவரோடு மறைந்துவிடும் என்றே ஊரார் எண்ணினர்.

டாம் ரோல்ட் என்ற பொறியியலாளர் அவ்வாறு எண்ணவில்லை. இளமையில் ஸ்டோக் நகரில் கெர் ஸ்டூவர்ட் என்னும் எஞ்சின் ஆலையில் தொழில் பழகிப் பின்னர் எழுத்தாளரானவர் அவர். 1950 அக்டோபர் 11-ஆம் நாள் பர்மிங்காம் நகர விடுதி ஒன்றில் ஒரு கூட்டம் கூட்டினார். வந்தவர் ஏறத்தாழ எழுபது பேர். சம்பளமின்றி உழைத்து இந்தப் பாதையை நாமே நடத்தினால் என்ன என்று கேட்டார். அதுவரை உலகில் எவரும் செய்திராத காரியம் அது. ஹெய்டன் ஜோன்ஸின் கைம்பெண்ணும் இசைந்தார். சங்கம் ஒன்று அமைந்தது. 1951 மே 14, பெந்தக்கோஸ்தே திருநாளுக்கு மறுநாளாகிய விடுமுறைத் திங்கட்கிழமையன்று, சங்கத்தாரின் முதல் வண்டி புறப்பட்டது. பாதை முழுவதும் செல்லத் துணிவில்லை. முதல் சில மைல்களோடு திரும்பிவந்தது.

துணிவில்லாததற்குக் காரணம் இருந்தது. கட்டைகள் மக்கிப்போய், தண்டவாளங்களைப் பிடித்து நிறுத்தியிருந்தது பெரும்பாலும் புல்லின் வேர்தான். எஞ்சின் இரண்டில் தாலிலின் ஓடும் நிலையில் இல்லை. எண்பத்தைந்து வயதான டொல்கோக் ஒன்றையே நம்பி அவ்வாண்டுக் கோடை முழுவதும் வண்டி ஓடிற்று. அதைப் பகலில் ஓடவைப்பதற்காக இரவில் விழித்திருந்து பழுதுபார்த்தவர் டேவிட் கர்வன் என்னும் பொறிவினைஞர்.

ஆர்வலர்களின் உற்சாகத்தைப் பற்றி எழுதுவோர், இத்தகைய பொறிவினைஞர்களை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். அது நியாயமன்று. ஆசிரியரும் வங்கி எழுத்தரும் ஞாயிறு விடுமுறையில் வந்து புல் செதுக்கலாம், பித்தளை துலக்கலாம், வண்ணம் பூசலாம். கொதிகலனை அவர் கையில் கொடுத்துவிட முடியாது. அதன் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்வது நலம்.

நீராவி எஞ்சினின் உயிர்நிலை கொதிகலன். அதன் பின்புறத்தில் நெருப்பறை உள்ளது. (தீப்பெட்டி என்று மொழிபெயர்க்க எண்ணினோம், வாசகர் நகைப்பர் என்று விட்டுவிட்டோம்.) நெருப்பறையில் எழும் சூட்டுக் காற்று, பல குழாய்களின் வழியே முன்புறம் பாய்ந்து புகைபோக்கியை அடைகிறது. குழாய்களைச் சுற்றிலும் தண்ணீர். நெருப்பறையின் உட்சுவரையும் வெளிச்சுவரையும் நூற்றுக்கணக்கான தாங்கு ஆணிகள் பிணைத்து நிற்கின்றன. சூடேறும்போது உலோகம் விரியும், ஆறும்போது சுருங்கும். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு விரிந்து சுருங்கியதில் ஆணிகள் உள்ளுக்குள்ளே முறியும், வெளிப்பார்வைக்குத் தெரியாது. பழைய கொதிகலன் தொழிலாளி சிறு சுத்தியலால் ஒவ்வோர் ஆணியையும் தட்டிக்கொண்டே போவார். நல்ல ஆணி கணீரென்னும். முறிந்தது மங்கி ஒலிக்கும். சந்தையில் மண்பானை வாங்கும் நம் பெண்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து விரிசல் கண்டுபிடிப்பதும் இக்கலையே. இன்று தகட்டின் கனத்தை ஒலியலைக் கருவியால் அளக்கிறார்கள். ஆயினும் சுத்தியலின் ஓசையைக் கேட்டறியும் காதைப் புத்தகம் படித்துப் பெறமுடியாது. அப்படிப்பட்டவர் ஒருவரின் அருகில் நின்றே பெறவேண்டும்.

சீரமைப்பு என்பது முதலில் பிரிப்பதுதான். சூடு வெளியேறாதபடி கொதிகலனைச் சுற்றியுள்ள போர்வையை உரிக்க வேண்டும். முற்காலத்தில் அதற்குக் கல்நார் பயன்பட்டது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்று அறிந்தபின், பயிற்சி பெற்றவரே தக்க காப்புடன் அதைத் தொடுகிறார்கள். பின்னர்க் குழாய்களை உருவி எடுத்து, உள்ளே கல்லாய்ப் படிந்துள்ள உப்பைச் சுரண்டுகிறார்கள். தேய்ந்த தகட்டை வெட்டியெறிந்து புதுத்தகடு பொருத்துகிறார்கள். அனைத்தும் முடிந்தபின் கொதிகலன் நிறையத் தண்ணீர் நிரப்பி, வேலை நேரத்தில் தாங்கவேண்டிய அழுத்தத்தைவிட அதிகமான அழுத்தத்தை ஏற்றிப் பார்ப்பர். நீராவியைக் கொண்டு ஏன் முதலிலேயே சோதிப்பதில்லை எனில், தண்ணீர் கசிந்தால் சொட்டும். அடைபட்ட நீராவி வெடித்தால் ஆளைக் கொல்லும். இச்சோதனையைக் கண்ட ஆய்வாளர் கையொப்பமிட்ட பின்னரே நெருப்பு மூட்ட அனுமதி.

சக்கர வேலை நம் ஊர்க் கொல்லருக்கு உடனே விளங்கும். மாட்டுவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை கட்டுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? பட்டையைச் சூடேற்றி விரியச் செய்து, மரச்சக்கரத்தின்மீது இறக்கி, தண்ணீர் ஊற்றிச் சுருங்கவைப்பர். எஞ்சின் சக்கரத்தின் எஃகு வளையமும் இவ்வாறே சூடேற்றி ஏற்றப்படுகிறது. ஆனால் தண்ணீர் ஊற்றமாட்டார்கள். தானாக ஆறவிடுவார்கள், எஃகு விரிசல் விடாதிருக்க. அச்சு சுழலும் தாங்கியில் வெள்ளீயம் கலந்த மென்மையான உலோகத்தை உருக்கி வார்த்துக் கையால் சுரண்டி இழைத்துப் பொருத்துவதும் உண்டு. ஒரு மயிரிழை கூடினால் உராய்ந்து சூடேறும்.

டவின் ஊருக்குத் திரும்புவோம். அண்டையிலிருந்த காரிஸ் இரயில்வே 1948-இல் மூடப்பட்டது. அதுவும் அதே இருபத்தேழு அங்குலப் பாதை. அத்தகைய அகலம் அத்தீவில் மிக அரிது. அதன் எஞ்சின்கள் இரண்டு மகின்லெத் நிலையத்தில் எவரும் கேட்பாரின்றிக் கிடந்தன. தலைக்கு இருபத்தைந்து பவுன் கொடுத்து 1951-இல் சங்கத்தார் வாங்கினர். ஒன்றுக்கு மறைந்த உரிமையாளரின் நினைவாகச் சர் ஹெய்டன் என்றும், மற்றொன்றுக்கு மேலாளர் எட்வர்ட் தாமஸின் பெயரும் சூட்டினர். சர் ஹெய்டன் ஓட்டிப் பார்த்தபோது தடம் புரண்டது. அதன் சக்கரப் பட்டை குறுகியது. தாலிலின் தண்டவாளங்களோ மக்கிய கட்டைகளின்மேல் விலகிப்போயிருந்தன. எட்வர்ட் தாமஸ் 1921-இல் கட்டப்பட்டது, ரோல்ட் தொழில் பழகிய அதே கெர் ஸ்டூவர்ட் ஆலையில். லீட்ஸ் நகர ஹன்ஸ்லெட் ஆலையின் தலைவராயிருந்த ஜான் ஆல்காக் சங்கத்தின் உறுப்பினர். தம் ஆலைக்கே அதைக் கொண்டுசென்று இலவசமாகச் செப்பனிட்டுத் தந்தார். 1952-இல் அது வந்துசேர்ந்த பிறகே டொல்கோக்குக்கு ஓய்வு கிடைத்தது. முதியவளான தாலிலினும் ஆலையில் பழுதுபார்க்கப்பட்டு 1958-இல் பணிக்குத் திரும்பினாள். (எஞ்சினைப் பெண்பாலாகப் பேசுவது ஆங்கிலேயர் வழக்கம்; நமக்கும் தொற்றிவிட்டது.)

அத்தொண்டர்களுள் ஒருவர் ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர் வில்பர்ட் ஆட்ரி. 1952-இல் கார்டாகப் பணியாற்றியபோது, தேநீர் விற்கும் அம்மையாரை நிலையத்திலேயே விட்டுவிட்டுப் பச்சைக்கொடி காட்டிவிட்டார்! அத்தவற்றையும் விடாமல் தம் சிறுவர் கதைகளில் சேர்த்துக்கொண்டார். 1955-இல் அவர் வெளியிட்ட ‘நான்கு சின்ன எஞ்சின்கள்’ என்ற நூல் தாலிலின் எஞ்சின்களை மாதிரியாகக் கொண்டது. நம் குழந்தைகள் தொலைக்காட்சியில் காணும் தாமஸ் என்ற நீல எஞ்சினின் ஆசிரியரும் இவரே.

நம் நாட்டில் இவ்வகைத் தொண்டர் சங்கங்கள் வேரூன்றவில்லை. இங்கே சீரமைப்புப் பணியைச் செய்தவர்கள் பணிமனைத் தொழிலாளரே. லீட்ஸ் நகரில் 1855-இல் கட்டப்பட்டு வங்காளத்தில் ஓடிய எக்ஸ்பிரஸ் என்னும் எஞ்சின், நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப்பொருளாய் நின்றது. அது சென்னைப் பெரம்பூர் லோகோ பணிமனைக்கு வந்தபோது துருப்பிடித்த கூடு. பல உறுப்புகள் காணோம். பணிமனையே 1856-இல் தோன்றியது. வந்த நோயாளி மருத்துவமனைக்கு ஒரு வயது மூத்தது! டீசல் எஞ்சினும் மின்சார எஞ்சினும் பழகிய காலத்தில், இல்லாத உறுப்புகளைப் புதிதாகச் செய்து பொருத்தினர் அத்தொழிலாளர். 2010 ஆகஸ்ட் 15-ஆம் நாள் எக்ஸ்பிரஸ் தன் சொந்த நீராவியில் ஓடியது. நமக்கோ அது மரியன்னையின் விண்ணேற்பு விழா நாளுமாகும்.

பொன்மலைப் பணிமனை வேறொன்று செய்தது. நீலகிரி மலைப் பாதையில் பற்சக்கரத்தின் துணையால் ஏறும் எஞ்சின்கள், சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் கட்டப்பட்டவை. அவை முதுமையடைந்து களைத்தபோது, அவற்றைச் செப்பனிட்டுப் பழகிய பொன்மலைத் தொழிலாளர் புதியனவற்றைத் தாமே கட்டினர். 2011 முதல் 2014 வரை எண்ணெயில் எரியும் எஞ்சின்கள் நான்கு. 2021-இல் நிலக்கரியில் எரியும் ஒன்று. பொன்மலைக் குடும்பங்கள் இதனை நம்மைவிட நன்கு அறிவர். சங்கு ஊதும் நேரத்தை வைத்து வீட்டுக் கடிகாரத்தைத் திருத்தி வளர்ந்தவர்கள் அவர்கள். அங்கே தகப்பனார் கொதிகலன் பிரிவில் இருந்தார் என்றால், அவர் காதில் கேட்ட சுத்தியல் ஓசையை மகனிடம் சொல்லிவைத்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. வீட்டில் அத்தகைய பெரியவர் இருப்பின், ஒரு மாலைப்பொழுது அருகில் அமர்ந்து அவர் சொல்வதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும்படி இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

வேல்ஸ் நாட்டிலும் கவலைகள் தீர்ந்தபாடில்லை. தெற்கு வேல்ஸில் ஃபோஸ் ஃபிரான் என்னும் நிலக்கரிச் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டது. நீராவி வண்டிகளுக்கு ஏற்ற கரியைத் தந்துவந்த இடம் அது; இப்போது கடல்கடந்து வரும் கரியை நாடவேண்டியுள்ளது. தொடக்க நாளில் புல் செதுக்க வந்த இளைஞர்களுள் பலர் மண்ணுலகை விட்டுச் சென்றுவிட்டனர். எனினும் 2021-இல் அப்பகுதியின் சிலேட்டுச் சுரங்க நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றபோது, கோயில் குன்றுச் சுரங்கமும் தாலிலின் பாதையும் அதில் இடம்பெற்றன.

நீராவி வண்டிப் பணிமனைகளில் புதிய தொண்டருக்கு முதல் நாளிலேயே எஞ்சினை ஓட்டக் கொடுப்பதில்லை. முதலில் எண்ணெய்த் துணியால் துடைக்கும் வேலை, பிறகு சாம்பல் அள்ளுதல், பிறகு பயர்மேன், டிரைவர் ஆவதற்குப் பல ஆண்டுகள். காலையில் முதல் வண்டி புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பாகவே ஒருவர் எழுந்துவந்து, நெருப்பறையில் விறகு அடுக்கி, மெல்ல மெல்லச் சூடேற்றுகிறார். அவசரப்பட்டால் தகடுகள் தாறுமாறாக விரியும். கொதிகலன் முதல் மூச்சு விடும்வரை அவர் அருகிலேயே அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருப்பார்.