திறந்தவெளிப் பண்ணைவீட்டுத் தோட்டம்

திறந்தவெளிப் பண்ணைவீட்டுத் தோட்டம் என்பது மரங்களோ குன்றுகளோ மறைக்காத, காற்று நேரடியாக வீசும் நிலத்திலுள்ள பண்ணைவீட்டைச் சுற்றி அமைக்கப்படும் பூந்தோட்டம் ஆகும். பிரித்தானியாவின் மேட்டுநிலங்களிலும் கடலோரங்களிலும் இத்தகைய தோட்டங்கள் உள்ளன. பலத்த காற்று தண்டுகளை முறிப்பதுடன் இலைகளின் ஈரத்தையும் உலர்த்திவிடுகிறது. எனவே பூச்செடிகளை நடுவதற்கு முன்னரே காற்றுத்தடை அமைத்தல் இன்றியமையாதது.

காற்றுத்தடை

இடைவெளியற்ற மதிலின் மேலேறும் காற்று மறுபுறத்தில் சுழன்று இறங்கிச் செடிகளைத் தாக்குகிறது. ஏறத்தாழப் பாதியளவு இடைவெளியுள்ள உயிர்வேலியோ காற்றை வடிகட்டி வேகத்தைத் தணிக்கிறது. இதன் பயன் வேலியின் உயரத்தைப் போல் சுமார் 10 மடங்கு தொலைவு வரை கிட்டும். அதாவது 2 மீட்டர் உயர வேலி சுமார் 20 மீட்டர் வரை காக்கும்.

வண்ணச் செடிகள்

டெல்ஃபினியம் போன்ற நெடிய செடிகள் எளிதில் முறிவன. குட்டையான, ஒடுங்கிய இலைகளையுடைய லாவெண்டர், ஹீதர், ஆர்மேரியா ஆகியன காற்றைத் தாங்குவன. வசந்தத்தில் குரோக்கசு, கோடையில் லாவெண்டர், கோடையின் இறுதியில் ஹீதர் என நடுவதால் வண்ணம் தொடர்ந்து நிலைக்கும். ஒரே நிறப் பூக்களைக் கூட்டமாக நட்டால் அவை தொலைவிலிருந்தும் தெரியும்.

எடுத்துக்காட்டு

இசுக்காட்லாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள இன்வெர்யூ தோட்டம் பண்ணைவீட்டுத் தோட்டம் அன்று. எனினும் இம்முறைக்குச் சிறந்த சான்றாகும். 1862 இல் வாங்கப்பட்ட, ஏறத்தாழ மரங்களேயற்ற நிலத்தில் ஒசுகுட் மெக்கென்சி முதலில் பைன் முதலிய மரங்களை நட்டார். அவை வளரப் பல ஆண்டுகள் காத்திருந்த பின்னரே மென்மையான செடிகளை வளர்த்தார். 1952 இல் இத்தோட்டம் இசுக்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது.