குற்றம் கையிலா, பிடியிலா?

வீட்டில் ஒரு சாமான் மக்கர் செய்தால் எழும் முதல் கேள்வி என்ன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "நீ அதை என்ன செய்தாய்?" என்பதுதான்! குக்கர் மூடி சரியாகப் பொருந்தவில்லையா? மூடியவள் கை சரியில்லை. தையல் மெஷினில் நூல் அறுந்து போகிறதா? மிதித்தவள் கால் சரியில்லை. மூடியின் பிடி வளைந்திருக்கிறதா, ஊசி மழுங்கியிருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். பல வீடுகளில் பார்ப்பதே இல்லை.

இந்த வழக்கம் அடுப்பங்கரையோடு நின்றால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் உயிரைக் காப்பதற்கென்று கையில் எடுக்கும் ஒரு சாமானிலும் இதே கதை நடக்கிறது. அந்தச் சாமான், ரிவால்வர்!

"ரிவால்வரா? அதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று புருவத்தை உயர்த்துகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். தமிழ்நாடு காவல்துறையில் 1973-ஆம் ஆண்டிலேயே பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தனி மகளிர் காவல் நிலையமே ஏற்பட்டது. சப்-இன்ஸ்பெக்டராக வரும் பெண், உடன் வரும் ஆணைப் போலவே சுடப் பழகித்தான் வருகிறார். அது மட்டுமல்ல, பெண்களின் கைக்கென்றே நம் நாட்டில் ரிவால்வர் செய்து விற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

நகைப் பெட்டியில் வந்த துப்பாக்கி

2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலையிலிருந்து "நிர்பீக்" என்ற ரிவால்வர் வெளிவந்தது. நிர்பீக் என்றால் பயமற்றது என்று பொருள். 2012-இல் டில்லியில் நடந்த கொடுமைக்குப் பலியான பெண்ணை நாடு "நிர்பயா" என்று அழைத்ததே, அதை நினைவூட்டும் பெயர். டைட்டானியம் கலந்த உலோகத்தில் செய்ததால் எடை 500 கிராம்தான். நகைப் பெட்டி போன்ற அரக்குச் சிவப்புப் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். விலை 1,22,360 ரூபாய்!

எல்லோரும் கைதட்டிவிடவில்லை. துப்பாக்கிகளால் குடும்பத்தைப் பறிகொடுத்த மணிப்பூர்ப் பெண்களுக்காக உழைத்து வரும் பினாலட்சுமி நேப்ராம் போன்றவர்கள் இதைக் கண்டித்தார்கள். பெண்ணுக்குக் காவல் தர வேண்டியது சர்க்கார். அந்தப் பொறுப்பைப் பெண்ணின் கைப்பையில் போடுவதா என்பது அவர்கள் கட்சி. யோசிக்க வேண்டிய கேள்விதான்.

பிறகு 2023 ஆகஸ்டில் அதே கான்பூரிலிருந்து "பிரபல்" என்று இன்னொன்று வந்தது. குழலின் நீளம் 76 மில்லி மீட்டர், எடை தோட்டா இல்லாமல் 700 கிராம். விசையை அழுத்துவது சுலபம், ஆகவே பெண்களுக்கும் ஏற்றது என்றார்கள். நம் விஷயத்துக்கு முக்கியமான வித்தியாசம் எடையில் இல்லை. இரண்டும் திறக்கும் விதத்தில் இருக்கிறது.

பாக்குவெட்டியும் புட்டுக்குழலும்

ரிவால்வரின் நடுவே ஓர் உருளை இருக்கிறது. அதில் வட்டமாக ஐந்து அல்லது ஆறு அறைகள். அறைக்கு ஒரு தோட்டா. சுட்டதும் குண்டு பறந்துவிடும். பித்தளைக் குப்பி மட்டும் அறையிலேயே தங்கிவிடும். அடுத்த தோட்டா போட வேண்டுமானால் காலிக் குப்பிகளை முதலில் வெளியேற்றியாக வேண்டும்.

நிர்பீக், பழைய வெப்ளி ரிவால்வரைப் போல, நடுவில் பாக்குவெட்டி மாதிரி மடங்குகிறது. மடக்கும்போது உருளை கைப்பிடியை விட்டு விலகி எழும்பும். நட்சத்திர வடிவிலுள்ள ஒரு தகடு எல்லாக் குப்பிகளையும் சேர்த்துத் தூக்கி வெளியே தள்ளும். வழியில் எதுவும் குறுக்கே நிற்காது.

பிரபல் அப்படியல்ல. அதன் உருளை கதவு திறப்பது போலப் பக்கவாட்டில் விலகுகிறது. இந்த ஏற்பாடு அமெரிக்காவில் 1889-இல் கோல்ட் கம்பெனி கொண்டுவந்தது. இன்று உலகில் பெரும்பாலான ரிவால்வர்கள் இந்த ஜாதிதான். இதில் உருளையின் முன்பக்கம் ஒரு கோல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கோலை அழுத்தினால் குப்பிகள் பின்பக்கமாக வெளியே வரும். புட்டுக்குழலில் ஒரு பக்கம் கோலை விட்டுத் தள்ளினால் மறு பக்கம் புட்டு வருமே, அதேதான்!

புட்டு வரும் வழியில் தட்டின் விளிம்பு இடித்தால் என்ன ஆகும்? புட்டு உடையும். இங்கே அந்தத் தட்டின் ஸ்தானத்தில் இருப்பது கைப்பிடி. திறந்த உருளைக்கு நேர் பின்னால், இடது பக்கத்தில் கைப்பிடியின் மேல் ஓரம் இருக்கிறது. அது கொஞ்சம் தடிமனாக இருந்தால் போதும். அதற்கு மிக அருகிலுள்ள குப்பி பின்னால் வரும்போது அதன் விளிம்பு போய் இடிக்கும். ஐந்து விழும், ஆறாவது நின்றுவிடும். சில வேளை அது சாய்ந்து நட்சத்திரத் தகட்டின் அடியிலேயே புகுந்துகொள்ளும். அப்புறம் உருளையை மூடவே முடியாது. ஆபத்து வேளையில் கையில் இருப்பது வெறும் இரும்புத் துண்டு!

பிரபலில் இந்தக் குறை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பக்கவாட்டில் திறக்கும் எந்த ரிவால்வரிலும் கைப்பிடியை மாற்றிப் பூட்டும்போது வரக்கூடிய குறை இது. அழகுக்காகச் சித்திர வேலை செய்த மரப்பிடி, உள்ளங்கை நிறைய இருக்கட்டும் என்று வாங்கிய தடித்த ரப்பர் பிடி, இவைதான் பெரும்பாலும் குற்றவாளிகள். ஆனால் பழி மட்டும் பிடித்தவர் மேல் விழுகிறது. "அழுத்தித் தள்ளத் தெரியவில்லை, பெண் கைதானே!" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

நடுவட்டத்து மழை

உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில், பைக்காராவைத் தாண்டினால் நடுவட்டம். கொயினா மருந்துக்காகச் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தியே சிங்கோனா மரம் வளர்த்த ஊர். இன்று எங்கு பார்த்தாலும் தேயிலை. தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் சரிவு அது. நீலகிரிக்கும் தோட்டாவுக்கும் பழைய உறவு உண்டு. தோட்டாவில் நிரப்பும் மருந்தைச் செய்ய 1903-இல் அருவங்காட்டில் ஏற்பட்ட கார்டைட் தொழிற்சாலை இப்போதும் இயங்குகிறது.

அப்படிப்பட்ட மலையில் ஒரு மரப்பிடி என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கதவு உப்பிக்கொண்டு சாத்த வராமல் தகராறு செய்கிறதல்லவா? மரம் ஈரத்தை உறிஞ்சினால் அகலத்தில் பெருக்கும். சென்னை வெயிலில் மயிரிழை இடைவெளி விட்டு நின்ற பிடி, நடுவட்டத்து ஆடி மாதத்தில் குப்பியை உரசத் தொடங்கலாம். கோடையில் ஒழுங்காக இருந்தது மழையில் முரண்டு பிடித்தால் அதிசயமில்லை.

ஈரம் இன்னொரு தொல்லையும் தரும். தோல் உறையிலேயே போட்டு வைத்த பித்தளைக் குப்பியில் பச்சைக் களிம்பு ஏறும். அறையில் துருப்பிடிக்கும். அதனாலும் குப்பி சிக்கும். (பித்தளைதானே, புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்காதீர்கள். கூடவே கூடாது!)

கண்மை சொல்லும் சாட்சி

அப்படியானால் குற்றம் அறையிலா, பிடியிலா? கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு குண்டுள்ள தோட்டா கூட அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. சுட்ட காலிக் குப்பிகளை மட்டும் உருளையில் போட்டு, கோலை மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். எல்லாமே இறுக்கமாக வந்தால் அறைகளில் அழுக்கோ துருவோ இருக்கிறது. சுத்தம் செய்தால் தீரும். ஒன்றே ஒன்று நின்றால், உருளையை ஓர் அறை சுற்றி மறுபடி அழுத்துங்கள். முன்பு நின்ற அதே அறைதான் நிற்கிறது என்றால் குற்றம் அந்த அறையில். வேறு அறை நிற்கிறது, ஆனால் எப்போதும் கைப்பிடிக்குப் பக்கத்திலிருப்பதே நிற்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், குற்றவாளி பிடிதான்!

எந்த இடத்தில் இடிக்கிறது? குப்பியின் விளிம்பில் கொஞ்சம் கண்மை தடவித் தள்ளினால், இடிக்கிற இடத்தில் கறுப்புப் புள்ளி விழும். புகைக் கரியைத் தடவி மரத்தைப் பொருத்துவது துப்பாக்கி ஆசாரிகளின் பழைய வித்தை. அந்தப் புள்ளியில் பெருவிரல் நகம் அளவுக்கு ஆழமில்லாத ஒரு குழி வேண்டும். பிடியைக் கழற்றி, உருண்டை அரத்தால் சிறிது ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். ஒரேயடியாக ராவினால் போன மரம் திரும்பி வராது! முடிவில் ஆளிவிதை எண்ணெய் தடவினால் ஈரம் ஏறுவது குறையும்.

இதை நீங்களே செய்ய வேண்டாம். துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும் என்கிறது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். லைசென்ஸ் யார் பெயரிலோ அவர் அதை லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். காவல்துறைத் துப்பாக்கி என்றால் அதற்கென்று உள்ள ஆர்மரரிடம் சொல்ல வேண்டும். ஆனாலும் விவரம் தெரிந்து சொல்வது வேறு, தெரியாமல் நிற்பது வேறு. தையற்காரரிடம் "ரவிக்கை சரியில்லை" என்பதற்கும், "இடது தோளில் அரை அங்குலம் பிடியுங்கள்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாதா?

மெலிந்த பிடியால் இன்னொரு லாபமும் உண்டு. சிறிய கைகளுக்கு விரல் விசைக்கு எட்டுவதே கஷ்டம். பிடியின் பருமன் குறைந்தால் அதுவும் எட்டும். ஒரே மருந்தில் இரண்டு நோய் தீர்கிறது.

கையின் பங்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. குழலை வானம் பார்க்க நிமிர்த்திப் பிடித்து, கோலைத் தயங்கித் தயங்கி அழுத்தாமல் உள்ளங்கையால் ஒரே தட்டாகத் தட்ட வேண்டும். குட்டைக் குழல் ரிவால்வரில் கோலும் குட்டை. குப்பியை முழுதும் வெளியே தள்ள அதற்கு நீளம் போதாது. மிச்ச வேலையைக் குப்பியின் எடையும் அந்தத் தட்டின் வேகமும் செய்து முடிக்கும்.

பிடி சரியாக இருந்து தட்டும் சரியாக விழுந்தால், ஆறு குப்பிகளும் ஒரே கலகலப்போடு தரையில் உதிரும். அந்தச் சத்தத்துக்கு அப்புறம் "பெண் கைதானே!" என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.