சாப்ட்வேரைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாமா?

கம்ப்யூட்டர் உலகிலும் ஃபேஷன் உண்டு. சில ஆண்டுகளாக அதில் அதிகம் அடிபடும் பெயர் மைக்ரோசர்வீஸ். ஒரே பெரிய சாப்ட்வேராக எழுதாமல், வேலைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன சாப்ட்வேர்களாகப் பிரித்து, அவற்றை நெட்வொர்க் வழியாகப் பேச வைக்கும் முறை இது. நல்ல முறைதான். ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்துமா?

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2022-இல் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள். மொத்தம் 11 சுற்றுகள். இப்படி ஒரு போட்டிக்கு நீங்கள் சாப்ட்வேர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, எந்த அணி எந்த அணியுடன் மோதுவது என்று ஜோடி சேர்ப்பது. ஸ்விஸ் முறைப்படி சமமான அல்லது நெருக்கமான புள்ளி பெற்ற அணிகள் மோத வேண்டும். ஒருமுறை மோதியவை மறுபடி மோதக் கூடாது. ஒரு ஜோடியை மாற்றினால் மற்ற ஜோடிகளும் மாறும். எனவே ஒரு பிரிவின் புள்ளிகள் முழுவதும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். 188 வரிகள் உங்கள் எக்ஸெல் ஷீட்டுக்கே சாதாரணம். இதைப் பத்து சர்வர்களில் பிரித்தால் என்ன ஆகும்? ஒரு சர்வர் படுத்தாலும் அடுத்த சுற்று தொடங்க முடியாது. இதற்கு ஒரே கம்ப்யூட்டர், ஒரே புரோகிராம், கூடவே ஒரு பேக்கப் போதும்.

இரண்டாவது வேலை, ஆட்டங்களை இன்டர்நெட்டில் உலகம் முழுக்க நேரடியாகக் காட்டுவது. எத்தனை பேர் பார்க்க வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இதைத் தனியாகப் பிரிப்பதுதான் புத்திசாலித்தனம். கூட்டம் கூடினால் இந்தப் பகுதிக்கு மட்டும் சர்வர்களை அதிகப்படுத்தலாம். இது திணறினாலும் ஜோடி சேர்க்கும் வேலை நிற்காது.

போட்டி ஒன்றுதான். ஆனால் வேலைக்கு ஏற்ப வடிவமைப்பு மாறுகிறது, பார்த்தீர்களா?

பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் கணக்குப் பார்க்கின்றன. அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, வீடியோ தரத்தைக் கண்காணிக்கும் தன் சாப்ட்வேரின் துண்டுகளை ஒன்றாக்கியதில் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2023-இல் தெரிவித்தது.

சரி, இதில் உங்களுக்கு என்ன? உங்கள் கடைக்கு பில்லிங் சாப்ட்வேர் வாங்கப் போகிறீர்கள். "லேட்டஸ்ட் டெக்னாலஜி சார்" என்று விலையை ஏற்றிச் சொல்கிறார்களா? மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துவதற்காக இதை அமைத்திருக்கிறீர்கள்? நெட் இல்லாவிட்டாலும் பில் போடுமா? பழுதானால் ஒருவரே வந்து சரிசெய்ய முடியுமா? பதில் உங்கள் கடைக்குப் பொருந்தாவிட்டால், அந்தக் கூடுதல் பணம் வீண் செலவுதான்.