ஜப்பானிய மொழியில் அச்சத்தைக் குறிக்கும் சொற்கள்

அச்சத்தைக் குறிக்க ஜப்பானிய மொழியில் பல சொற்கள் உள்ளன. எதற்கு அஞ்சுகிறோம், யார் அஞ்சுகிறார்கள் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். அன்றாடத் தமிழில் இவற்றுள் பலவற்றைப் ‘பயம்’ என்ற ஒரே சொல் தாங்கிக்கொள்கிறது. ஜப்பானிய மொழி கற்கும் தமிழருக்கு முதல் தடுமாற்றம் இங்கேதான் வருகிறது.

திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில், ஜப்பானியப் பயணி ஒருவருக்குத் தமிழர் வழிகாட்டுவதாகக் கொள்வோம். தெருநாயிடம் பயம், கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிடுமோ என்ற பயம், ரமணர் வரலாற்றில் வரும் மரண பயம், சந்நிதியில் பயபக்தி என நான்கையும் அவர் சொல்ல நேரிடலாம். ஜப்பானிய மொழியில் இவை நான்கு வெவ்வேறு சொற்கள்.

அடிப்படைச் சொற்கள்

• கொவாய் – பேச்சு வழக்கில் பயம். தெருநாய், இருட்டு, பேய்க்கதை ஆகியவற்றுக்கு இதுவே போதும்.
• ஷின்பாய் – கவலை கலந்த பயம். குழந்தை தொலைந்துவிடுமோ, மழை வந்துவிடுமோ என்பவை இதில் அடங்கும்.
• ஃபுஅன் – மனம் நிலைகொள்ளாமை. தேர்வுக்கு முந்தைய இரவில் இருப்பது.
• ஒசொரொஷீ – பயங்கரமான. கொவாயை விடக் கனமானது. எழுத்து வழக்கிலும் மிகுதி.
• க்யோஃபு – பேரச்சம். 1896 ஜூலையில் மதுரையில், 16 வயதில், ரமணருக்குத் திடீரென மரண பயம் எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று அவர் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அந்த மரண பயத்தை ‘ஷி நோ க்யோஃபு’ என்பதே பொருத்தம். ‘ஷி’ என்றால் மரணம்.
• இகேய் – பயபக்தி. இதில் நடுக்கத்தை விட வணக்கமே மேலோங்கும்.

யாருடைய பயம்?

‘கொவாய்’ பெயரடை, வினைச்சொல் அன்று. எனவே ‘எனக்கு நாய் என்றால் பயம்’ என்பதை ‘வதாஷி வா இனு கா கொவாய்’ என்பர். ‘இனு’ என்றால் நாய். தமிழில் ‘எனக்குப் பயமாக இருக்கிறது’, ‘இந்த இடம் பயமாக இருக்கிறது’ என்ற இரண்டையும் சொல்வது போல, கொவாயும் அஞ்சுபவரின் உணர்வையும் அச்சம் தரும் பொருளையும் குறிக்கும்.

ஆனால் இன்னொருவரின் பயத்தைச் சொல்லும்போது இச்சொல்லை அப்படியே பயன்படுத்துவதில்லை. பிறர் மனத்துள் இருப்பதை நேராக அறிய முடியாது. வெளியே தெரிவதைத்தான் சொல்ல முடியும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். அதனால் ‘குழந்தை நாய்க்குப் பயப்படுகிறது’ என்பது ‘கொதொமோ வா இனு ஓ கொவகத்தே இரு’ ஆகும். எதிரில் இருப்பவரிடம் ‘கொவாய் தெஸ் கா?’ (பயமாக இருக்கிறதா?) என்று கேட்பதில் தவறில்லை.

உச்சரிப்பிலும் கவனம் வேண்டும். ‘கொவகத்தே’ என்பதன் ககரம் ‘நகம்’ என்பதில் போல மென்மையாக ஒலிக்கும். ‘பயமாக இருந்தது’ என்னும் ‘கொவகத்தா’வில் அதே எழுத்து ‘கடல்’ என்பதில் போல வன்மையாக ஒலிக்கும். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது. ஆகவே ஜப்பானிய எழுத்தையும் சேர்த்தே கற்பது நல்லது.

இரட்டை ஒலிச்சொற்கள்

நெஞ்சு படபடவென அடிக்கிறது, உடல் வெடவெடவென நடுங்குகிறது என்று சொல்லிப் பழகிய தமிழருக்கு இப்பகுதி எளிது.

• தொகிதொகி – நெஞ்சு படபடப்பது. முதல் எழுத்து ‘தோசை’யில் போல ஒலிக்கும். மகிழ்ச்சிப் படபடப்புக்கும் இதுவே.
• பிகுபிகு – என்ன ஆகுமோ என்று உள்ளுக்குள் நடுங்குவது. முதல் எழுத்து ‘பயம்’ என்பதில் போல ஒலிக்கும்.
• கதகத – உடல் வெடவெடப்பது. ககரம் மென்மையாக ஒலிக்கும்.
• ஹரஹர – பிறருக்கு என்ன நேருமோ என்று பதைப்பது. கோயில் வாசலில் கேட்கும் ‘ஹர ஹர’வுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முதல் மூன்றில் நடுக்கம், துடிப்பு ஆகியவற்றின் ஒலியோ அசைவோ சொல்லாகியிருக்கிறது. தமிழ் இரட்டைக்கிளவியுடன் உள்ள இந்த ஒற்றுமை மனப்பாடத்துக்கு உதவும். இதை மட்டும் கொண்டு இரு மொழிகளும் உறவுடையவை என்று முடிவுகட்ட முடியாது.

எச்சரிக்கையில் வரும் அச்சம்

ஜப்பானில் வேலை பார்க்கும் தமிழர் தவறாமல் அறியவேண்டிய தொடர் ‘ஒசொரே கா அரு’. ‘ஒசொரே’ என்றால் அச்சம். ஆனால் வானிலை அறிவிப்பில் இத்தொடர் வந்தால் ‘நேரக்கூடும்’ என்று பொருள். வெள்ளம், நிலச்சரிவு பற்றிய செய்தியில் இதைக் கேட்டால் யாரோ பயப்படுகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஆபத்து வரலாம் என்று கொள்ள வேண்டும்.

இரு மரபுகளின் நான்கு அச்சங்கள்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கைச் சொல்கிறது. ஜப்பானியப் பழமொழி ஒன்றும் அச்சம் தருவன நான்கு என்கிறது: ஜிஷின் (நிலநடுக்கம்), கமினாரி (இடி), காஜி (தீ), ஒயாஜி (தந்தை). பட்டியல்கள் வேறாயினும், இரண்டிலும் கடைசியில் நிற்பவர் தம்மை ஆள்பவரே: அங்கே அரசர், இங்கே வீட்டுத் தலைவர்.